எடைப் பைகள் இடம் மாறாமல் ஹார்னஸ் கட்டுவது எப்படி?

ஸ்கூபா பயிற்சி முடித்து, வாடகைக்குக் கிடைக்கும் சட்டை வடிவ மிதவை உடைகளை விட்டுவிட்டு, சிலிண்டரை முதுகில் தாங்கும் பின்தகடும் அதை உடலோடு கட்டும் பட்டையான ஹார்னஸும் சொந்தமாக வாங்கியவர்கள் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நீரில் அமிழ்வதற்கான ஈயத்தைப் போடும் எடைப் பை வைத்த இடத்தில் நிற்பதில்லை. படகில் இடுப்பின் பக்கவாட்டில் இருந்த பை, கால் மணி நேரம் நீந்தியதும் தொப்புளுக்கு அருகில் வந்து தொங்குகிறது. இன்னொருவருக்கு அது முதுகுப் பக்கம் ஒதுங்கிக் கைக்கு எட்டாமல் போகிறது. ஒரு பை மட்டும் நகர்ந்தால் உடல் அந்தப் பக்கம் சாயும். அதைச் சரிக்கட்ட ஓயாமல் துடுப்பை உதைத்தே பாதிக் காற்று தீர்ந்துவிடும்.

பையைக் குறை சொல்வதற்கு முன் ஹார்னஸைப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே நைலான் பட்டை தோளில் ஏறி, தகட்டின் துளைகள் வழியாக இறங்கி, இடுப்பைச் சுற்றி வந்து பக்கிளில் முடிகிறது. ஹோகார்த்தியன் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நீருக்கடியிலுள்ள குகைகளில் முக்குளித்த வில்லியம் ஹோகார்த் மெயின் என்பவரின் பெயரைத் தாங்கியது. குகைக்குள் போகிறவர்கள் முதுகில் இரட்டைச் சிலிண்டர் சுமப்பவர்கள். கனமான அந்தச் சிலிண்டர்களும் எஃகுத் தகடும் இருக்கும்போது தனியாக ஈயம் அதிகம் தேவைப்படுவதில்லை. அதனால் இடுப்புப் பட்டையை வழவழவென்று, எதுவும் தொங்காமல் விட்டார்கள். நாமோ வெப்பக் கடலில் ஒற்றை அலுமினியச் சிலிண்டரோடு இறங்குகிறோம். 11.1 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது சற்றே அமிழும். காலியாகும்போது இரண்டு கிலோ அளவுக்கு மேல்நோக்கி இழுக்கும். அதை ஈடுகட்ட ஈயம் வேண்டும், ஈயத்துக்குப் பை வேண்டும், பைக்கு இடம் வேண்டும். அந்த இடம், எதையும் தாங்குவதற்கென்று வடிவமைக்காத வழவழப்பான பட்டை. தடுப்பு வைக்காவிட்டால் பை நகரத்தான் செய்யும்.

எது நகர்கிறது என்று முதலில் பாருங்கள்

கறுப்புப் பட்டையில் தெளிவாகத் தெரியும் வெள்ளைப் பெயின்ட் பேனா ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பையின் இரண்டு ஓரங்களிலும் பட்டைமேல் ஒரு கோடு போடுங்கள். வழக்கம்போல நீரில் இறங்கி, ஏறியதும் எதையும் கழற்றுவதற்கு முன் கூட்டாளியை அழைத்துக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பக்கிள் நடுவில் இருந்து, பை மட்டும் கோட்டைத் தாண்டியிருந்தால் பைக்குத் தடுப்பு தேவை. கோடும் பையும் ஒட்டியே இருக்க, பக்கிள் ஒரு பக்கமாக ஓடியிருந்தால் நகர்ந்தது பை அல்ல, முழுப் பட்டையும் சுழன்றிருக்கிறது. இந்த இரண்டாவது வகைதான் புதியவர்களைக் குழப்புகிறது. நியோப்ரீன் உடைக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் இருக்கின்றன. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல இரு மடங்கு. குமிழிகள் சுருங்க, உடை மெலிந்து, படகில் இறுக்கமாக இருந்த பட்டை ஆழத்தில் தளர்ந்துவிடுகிறது. இதற்கு எந்தத் தடுப்பும் உதவாது. அடியில் போய்ச் சேர்ந்ததும் பட்டையை ஒரு முறை இழுத்து இறுக்கிக்கொள்வதே மருந்து. கவட்டுப் பட்டையும் சரியான நீளத்தில் இருக்க வேண்டும். அது தொளதொளவென்று இருந்தால் முழு ஹார்னஸும் மார்பை நோக்கி ஏறும், பைகளும் கூடவே ஏறும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: பை அசையவில்லை, உள்ளே ஈயம் அசைகிறது. இறக்குமதிப் பைகளில் கொள்ளளவைப் பவுண்டில் எழுதியிருப்பார்கள். பத்து பவுண்டுப் பை என்றால் ஏறக்குறைய நாலரைக் கிலோ. அதற்குள் ஒரே ஒரு கிலோக் கட்டியைப் போட்டால் அது இங்கும் அங்கும் உருளும். இடுப்பில் அது பை நகர்வதுபோலவே தோன்றும். சின்னப் பையாக மாற்றுங்கள், அல்லது பழைய நியோப்ரீன் துண்டை மடித்து ஈயத்தோடு திணியுங்கள். ஈயக் குண்டுகள் நிரப்பிய மெத்தென்ற சிறு மூட்டைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. அவை பையின் வடிவத்துக்கு அடங்கி உட்காரும்.

ஈயத்தைக் குறைக்க முடியுமா?

தடுப்பு வாங்குமுன் இதைச் செய்துவிடுங்கள். வாடகைக் கடைகளில் புதியவர்களுக்குத் தாராளமாக ஈயம் கொடுப்பது வழக்கம். மிதந்துகொண்டு திண்டாடுவதைவிட அமிழ்ந்தால் போதும் என்ற எண்ணம். அந்தக் கணக்கையே சொந்த ஹார்னஸுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். எஃகுப் பின்தகடு மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைக் கழித்துக்கொள்ளாமல் பழைய அளவையே பையில் போட்டால், வேண்டாத சுமையைத்தான் வழுக்காமல் பிடித்துவைக்கப் பாடுபடுகிறீர்கள்.

சரிபார்க்கும் முறை எளிது. சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் மீதமிருக்கும்போது, மிதப்பதற்காக முதுகில் இருக்கும் காற்றுப் பையை முழுக்கக் காலி செய்துவிட்டு, சாதாரண மூச்சை உள்ளே பிடித்தபடி மேற்பரப்பில் அசையாமல் நில்லுங்கள். நீர்மட்டம் கண் அளவில் நின்று, மூச்சை விட்டதும் மெல்ல அமிழ்ந்தால் எடை சரி. நிரம்பிய சிலிண்டரோடு இதைச் செய்தால், அதற்குள் இருக்கும் காற்றின் எடையே இரண்டரைக் கிலோவுக்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி நீங்கள் மேலே வரும்போது இருக்காது. பயிற்றுநரோ அனுபவமுள்ள கூட்டாளியோ பக்கத்தில் இருக்கும்போது ஒவ்வொரு கிலோவாகக் குறைத்துப் பாருங்கள்.

எதைக்கொண்டு தடுப்பது?

நான் பரிந்துரைப்பது டிரைகிளைடு. மூன்று சட்டங்களும் அவற்றுக்கு இடையே இரண்டு இடைவெளிகளும் கொண்ட துருப்பிடிக்காத எஃகுத் துண்டு அது. பட்டை முதல் இடைவெளியில் மேலே வந்து, நடுச் சட்டத்தைத் தாண்டி, இரண்டாவது இடைவெளியில் கீழே இறங்கும். இந்த வளைவுதான் பிடி. உங்கள் ஹார்னஸில் கருவிகளை மாட்டும் டி-வளையங்களை நிறுத்திவைத்திருப்பதும் இதே பொருள்தான். ஐந்து சென்டிமீட்டர் பட்டைக்கு உரிய அளவையே வாங்குங்கள். நடுச் சட்டத்தில் பல்வரிசை போல வெட்டு உள்ளவை இன்னும் நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்டிக்கிலும் கிடைக்கின்றன. டி-வளையத்துக்கு அவை போதும் என்பார்கள். ஈயத்துக்கு நான் நம்புவதில்லை.

கையில் டிரைகிளைடு இல்லாதபோது சைக்கிள் டியூப் கைகொடுக்கும். பஞ்சர் கடையில் கழித்துப் போட்ட டியூபிலிருந்து மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு வளையங்களாக நறுக்கிப் பட்டையில் மாட்டினால் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் டியூப் இதற்கு ஒத்துவராது. பெரும்பாலும் தளர்ந்து நிற்கும். ரப்பர் வளையம் சிறிய எடையைத் தாங்கும், கனமான பையைத் தாங்காது. வெயிலும் உப்பும் பட்டுப்பட்டு வெடிக்கும், ஆகவே அவ்வப்போது மாற்ற வேண்டும். இதற்கு வேறொரு நல்ல பயனும் உண்டு. டிரைகிளைடே வழுக்குகிறது என்றால், டியூபிலிருந்து ஒரு பட்டைத் துண்டு நறுக்கி நடுச் சட்டத்துக்கும் நைலானுக்கும் இடையில் செருகுங்கள். அதன்பின் அதை நகர்த்த இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

கேபிள் டை வேண்டாம். வெட்டிய நுனி கத்திபோல நின்று கையுறையையும் உடையையும் கிழிக்கும். பசை நைலானைக் கெடுக்கும், ஒட்டும் டேப் இரண்டாம் முறை நீரில் இறங்கும்போது உரிந்துவிடும். ஊக்கு குத்தி வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். துருவைத் தவிர அதனால் கண்ட பலன் ஒன்றுமில்லை. பையைப் பட்டையோடு தைத்துவிடுவது உறுதியானதுதான். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நைலான் நூல் அதற்கு நன்றாக உதவும், நீரில் மக்காது. ஆனால் குளிர்க் கடலுக்குப் போகும்போது தடித்த உடை போட்டால் பையின் இடமும் மாறும். அன்றைக்குத் தையலைப் பிரிக்க வேண்டும். புதியவர்கள் அந்த முடிவை ஓராண்டு தள்ளிப்போடலாம்.

கோத்து முடிப்பது

தொடங்குமுன் ஹார்னஸை முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை எந்தத் துளை வழியாக எப்படிப் போகிறது என்பது கழற்றிய ஐந்தாவது நிமிடத்தில் மறந்துவிடும். பிறகு ஹார்னஸையும் கவட்டுப் பட்டையையும் அணிந்து, நீரில் போடும் உடையோடேயே கண்ணாடிமுன் நின்று இடத்தைக் குறியுங்கள். தகட்டின் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் முன்முனைக்கும் நடுவே, கையைத் தொங்கவிட்டால் இயல்பாகத் தொடும் இடம் பைக்கு உரியது. பையின் முன் ஓரத்துக்கும் பக்கிளுக்கும் இடையே ஒரு கை அகலமாவது இருக்கட்டும். இரு பக்கமும் தகட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளவுநாடாவால் பாருங்கள். கண்மதிப்பை நம்ப வேண்டாம்.

இனிப் பக்கிளைக் கழற்றி, பட்டையின் முனை வழியாக ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். புதுப் பட்டை அட்டைபோல விறைத்திருக்கும். நன்னீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் இளகும். டிரைகிளைடின் இடைவெளியில் பட்டையைத் தள்ளத் திருப்புளி எடுக்காதீர்கள், நூல் அறுந்துவிடும். ஸ்பூனின் கைப்பிடி போதும். முனையைச் சற்றுக் கோணலாக நுழைத்து, மறுபக்கம் எட்டிப்பார்த்ததும் இடுக்கியால் பிடித்து இழுங்கள்.

பையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பட்டை நுழைய அங்கே இரண்டு விதமான அமைப்பு இருக்கும். ஒன்று, இடைவெளி விட்டுத் தைத்த இரண்டு தனித்தனிக் காதுகள். இந்த வகை கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. பட்டையை முதல் காதில் நுழைத்து, அடுத்து ஒரு டிரைகிளைடைக் கோத்து, அதன்பின் இரண்டாவது காதில் நுழையுங்கள். இரு காதுகளுக்கும் நடுவே எஃகு மாட்டிக்கொள்கிறது. அது முன் காதுக்குள்ளும் நுழையாது, பின் காதுக்குள்ளும் நுழையாது. ஒரே ஒரு துண்டு பையை இரு திசையிலும் நிறுத்திவிடும். உடலுக்கும் பைக்கும் நடுவே அது மறைந்திருப்பதால் குழாயோ கயிறோ அதில் சிக்குவதும் இல்லை. இடுப்பில் உறுத்தினால், கனமான நடுச் சட்டம் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பிக் கோத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, பையின் முழு அகலத்துக்கும் தைத்த ஒரே நீளமான உறை. இதில் நடுவே எதையும் வைக்க முடியாது. பைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு டிரைகிளைடு தேவை, ஆக மொத்தம் நான்கு. பின்பக்கத் தடுப்பைத் தகட்டின் ஓரத்தோடு ஒட்டவைத்தால் தகடே அதற்கு முட்டுக்கொடுக்கும். இடது இடுப்பில் அழுத்தமானியை மாட்டும் டி-வளையம் ஏற்கெனவே டிரைகிளைடோடு இருக்குமே, அதையே அந்தப் பக்கத்தின் ஒரு தடுப்பாக வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பையின் கைப்பிடியை இழுக்கும்போது அழுத்தமானியின் குழாய் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத் தடுப்பு ஒருபோதும் விடுபடக் கூடாது. வயிறு கீழ்நோக்கி இருக்க நீந்துவதுதான் நம் வழக்கமான நிலை. அப்போது இடுப்பிலிருந்து பக்கிள்வரை பட்டை சரிவாக இறங்குகிறது, ஈயம் அந்தச் சரிவில் இறங்கிவரப் பார்க்கும். படகில் இன்னொரு தொல்லை. இடுப்பைப் பூட்டாமல் தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு ஒருவர் எழுந்து நிற்பார். பட்டையின் இரண்டு முனைகளும் கீழே தொங்கும். பக்கிள் உள்ள முனையில் பை முட்டி நின்றுகொள்ளும். பக்கிள் இல்லாத முனையிலோ அது சர்ரென்று இறங்கித் தரையில் விழும். ஈரப் பலகையில் வெறுங்காலோடு நிற்பவரின் விரல் அதற்கு இலக்கு. விழுந்த பை கடலுக்குள் போகாமல் இருந்தால் அது அவருடைய நல்ல காலம். அந்த முனையில் ஒரு டிரைகிளைடு இருந்தாலே இதற்கு வழியில்லை.

எல்லாம் கோத்ததும் பக்கிளை மாட்டுங்கள். அது வலது கையால் திறக்கும்படி முன்பு இருந்த வாக்கிலேயே இருக்கிறதா என்று எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிடுங்கள்.

கழற்ற வருகிறதா?

பை நிற்கிறது என்ற மகிழ்ச்சியில் இதை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தடுத்து நிறுத்த வேண்டியது பையின் வெளிக்கூட்டை மட்டுமே. அதற்குள் இருக்கும் ஈயம், மேற்பரப்பில் மிதக்க முடியாமல் தவிக்கும் நேரத்தில் ஒரே இழுப்பில் வெளியே வந்து விழ வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துத்தான் அடிக்கு இறங்கினார்கள். இறங்கியதும் கல்லை விட்டுவிடுவார்கள், தோணியில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். திரும்பி ஏறும்போது கல் அவர்கள் காலில் இருக்காது. நம் எடைப் பைக்கும் அந்த இலகுத் தன்மை வேண்டும். அதே சமயம் ஆழத்தில் தானாகக் கழன்று விழவும் கூடாது. இருபது மீட்டரில் மூன்று கிலோ ஈயத்தைத் திடீரென்று இழந்தால் கட்டுப்பாடில்லாமல் மேலே போவீர்கள். நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் அது ஆபத்து.

ஆகவே முழு உடையோடு தரையில் மெத்தையோ பழைய போர்வையோ விரித்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் வலது பையை இழுங்கள், பிறகு இடது. கையுறை போடும் வழக்கம் இருந்தால் கையுறையோடு. கைப்பிடி கையில் அகப்படத் தேட வேண்டியிருந்தாலோ, இழுக்கும்போது டிரைகிளைடில் உரசி நின்றாலோ, ரப்பர் வளையம் மூடியின்மேல் ஏறியிருந்தாலோ திரும்பக் கோத்துவிடுங்கள். கூட்டாளிக்கும் ஒரு முறை இழுத்துக் காட்டுங்கள். உங்களுக்கு நினைவில்லாத நிலையில் அதை இழுக்கப்போவது அவர்தான்.

சட்டை வடிவ பி.சி.டி. (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் உடை) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி பொருந்தாது. அவற்றில் பை சட்டையோடு சேர்ந்தே வரும், நகராது. கிளிப் சரியாக மாட்டாமல் மொத்தமாக விழுவதுதான் அங்கே பிரச்சினை. செருகியதும் ‘கிளிக்’ ஒலி கேட்கிறதா என்று கவனித்து, கீழ்நோக்கி ஒரு முறை இழுத்துப் பாருங்கள், போதும். வாடகைக் கடையில் பழைய பாணி எடைப் பட்டை கொடுத்தால் அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஈயக் கட்டியில் இரண்டு துளைகள் இருக்கும். முதல் துளையில் பட்டையை மேலே எடுத்து, அரைச் சுற்று முறுக்கி, இரண்டாவதில் இறக்குங்கள். முறுக்கு அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். கட்டியைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், பூச்சில்லாத ஈயம் விரலில் ஒட்டும்.

நீரில் சோதனை

நீச்சல் குளமோ, ஐந்து மீட்டருக்குள் மணல் தரையோ போதும். கிடைமட்டமாக மிதந்து ஒரு நிமிடம், தலைகீழாக அரை நிமிடம், பிறகு இரண்டு பக்கமும் உருண்டு பாருங்கள். ஒவ்வொரு முறையும் கையால் பையின் ஓரத்தைத் தடவுங்கள். எழுந்து வந்ததும் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். நைலான் ஈரத்தில் சற்று நீளும் என்பதால் முதல் முறை இறங்கியபின் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். இறுக்கிவிட்டு மறுபடி இறங்குங்கள்.

பை அசையாமல் நின்றும் கால்கள் மட்டும் அமிழ்கின்றன என்றால் இடுப்பில் எடை கூடிவிட்டது. ஒரு கிலோவையோ இரண்டையோ சிலிண்டரைக் கட்டும் மேல் பட்டைக்கு மாற்றுங்கள். அதற்கென்று சிறிய பைகள் கிடைக்கின்றன. பட்டை சிலிண்டரோடு இறுகியிருப்பதால் அங்கே எதுவும் வழுக்காது. ஆனால் அந்த ஈயத்தை அவசரத்தில் கழற்றிவிட முடியாது. ஆகவே கழற்றக்கூடியதாக எவ்வளவு இடுப்பில் இருக்க வேண்டும் என்பதைப் பயிற்றுநரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

திரும்பி வந்ததும் ஹார்னஸை நன்னீரில் முக்கி, டிரைகிளைடின் இடைவெளிகளில் விரலை விட்டு உப்பையும் மணலையும் கழுவுங்கள். மணல் தங்கிய இடத்தில்தான் பட்டை நைந்துபோகிறது. பக்கிளைத் தாண்டித் தொங்கும் மிச்சப் பட்டையை மட்டும் உடனே வெட்டிவிட வேண்டாம். மூன்று மில்லிமீட்டர் உடைக்கு நீளமாகத் தெரிவது ஏழு மில்லிமீட்டர் உடைக்குச் சரியாக இருக்கும். சில மாதம் பயன்படுத்தி, எப்போதும் ஒரே உடைதான் என்று உறுதியானபின், கையால் இறுகப் பிடித்து இழுக்கும் அளவுக்கு ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வெட்டிய முனையை மெழுகுவத்திச் சுடரில் லேசாகக் காட்டி, உருகியதும் ஈரக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்திவிட்டால் நூல் பிரியாது.